சுவரைச் சுவாசித்த ஊர்

நெடுவாய்க்கால் என்னும் ஊரில், செல்வவிநாயகர் நகருக்கும் கீழக்காலனிக்கும் நடுவே நின்ற சுவர், ஆனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், பால்காரர்கள் வந்து போய்ப் பள்ளிக்கூட வேன்கள் இன்னும் வராத நேரத்தில், இடியாமல், சரியாமல், ஒரு செங்கல்கூடக் கீழே விழாமல் இளகத் தொடங்கியது. இளகியது என்றால் மெழுகைப்போல் உருகி வழியவில்லை. சுவரில் இருந்த ஒவ்வொரு துகளும் தன் பக்கத்துத் துகளை விட்டு மயிரிழை தள்ளி நின்றது, பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றது, கல்யாணப் பந்தியில் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்திருந்தவர்கள் இலையை மடித்ததும் ஆளுக்கொரு திசையாக எழுந்து நடப்பதைப்போல, செங்கல்லும் சிமெண்டும் மேலே பதித்த கண்ணாடிச் சில்லுகளும் ஒன்றை ஒன்று விட்டு விலகி, தங்களுக்கு இனி ஒரு வேலையும் இல்லை என்பதுபோல் காற்றில் உலாவப் புறப்பட்டன.

அதை முதலில் பார்த்தவள் செல்லக்கிளி. பஸ் நிறுத்தத்திலிருந்து அரசு ஆஸ்பத்திரி வரைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவள். அவளுடைய ஆட்டோ காலனிக்குள் வராது, வர வழி கிடையாது, ஆகவே சுவருக்கு அந்தப் பக்கம் மெயின் ரோட்டு வேப்பமரத்தடியில்தான் நிற்கும். அவள் தினமும் காலையில் சுவர் வரைக்கும் போய், அதன் காலடியில் இடதுபக்கம் திரும்பி, உடைமுள் கிழிக்கும் வாய்க்கால் கரையோடு சுற்றிக்கொண்டு போய் வண்டியை எடுப்பாள். அன்றைக்கும் இடதுபக்கம் திரும்பத்தான் போனாள். போனவள் நின்றாள். சுவருக்குள் மஞ்சளாக என்னவோ தெரிந்தது. உற்றுப் பார்த்தாள். அவளுடைய ஆட்டோதான்.

வேறு யாராக இருந்தாலும் கும்பிட்டிருப்பார்கள், இல்லாவிட்டால் ஊரைக் கூட்டியிருப்பார்கள். செல்லக்கிளி குனிந்து ஒரு கல்லை எடுத்துச் சுவரின்மேல் விட்டெறிந்தாள். கல் சுவருக்குள் புகுந்து, அந்தப் பக்கம் ரோட்டில் விழுந்து உருண்டது. அவளுக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது.

"இப்பத்தான் ஒனக்குப் போகணும்னு தோணுச்சா?" என்று கத்தினாள். "நாசமாப் போற சுவரே, ரெண்டு வருசத்துக்கு முன்னால எங்க போச்சு ஒன் புத்தி?"

ரெண்டு வருசத்துக்கு முன்னால் அவள் புருஷன் பேச்சிமுத்துவுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆட்டோ சுவருக்கு அந்தப் பக்கம் நின்றது. ஆஸ்பத்திரியும் அந்தப் பக்கம்தான். ஒரு கூப்பிடு தூரத்தில் நின்ற வண்டிக்குப் போக, அவனை நார்க்கட்டிலில் போட்டு, நாலு பேர் தூக்கிக்கொண்டு வாய்க்கால் கரையில் ஓடினார்கள். மழை பெய்து கரை வழுக்கிக் கிடந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டில் யாருக்கோ பிறந்தநாள். குழந்தைகள் கைதட்டிப் பாடுவதைக் கேட்டுக்கொண்டேதான் அவன் போனான். வாய்க்கால் தண்ணீர் வழிந்து போகும் கலுங்குப் பாலம் வரைக்கும் உயிர் இருந்தது. வண்டியில் ஏற்றும்போது இல்லை. அன்றைக்கு அசையாமல் நின்ற சுவர், எவ்வளவு அடித்தாலும் அவள் கையைத்தான் கிழித்ததே தவிர ஒரு பொடிகூட உதிராத சுவர், இன்றைக்கு யாரும் கேட்காமல், யாரும் இடிக்காமல், தானாகப் போகிறதாம். இதைச் சந்தோஷம் என்று அவளால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

உச்சிவேளைக்குள் சுவர் இருந்த இடத்தில் சுவர் இல்லை. ஆனால் சுவர் ஊரை விட்டுப் போய்விடவும் இல்லை. அதுதான் போகப்போகத் தெரிந்தது.

காற்றில் ஒரு மங்கலான செம்மை பரவியிருந்தது. தூசி என்றால் சாயங்காலத்துக்குள் படிந்துவிடும், வாசல் தெளித்தால் அடங்கிவிடும். இது படியவும் இல்லை, அடங்கவும் இல்லை. எந்தப் பாத்திரத்தைத் திறந்தாலும் அந்தப் பாத்திரம் நிறைய இருந்தது. சின்னச் சொம்பென்றால் சொம்பளவு, பெரிய அண்டா என்றால் அண்டா அளவு, கோயில் மண்டபம் என்றால் மண்டபம் முழுக்க. காலனிப் பெண்கள் வெளுத்துக் காயப்போட்ட வேட்டிகள் காவி நிறமாக மாறின. டீக்கடைக்காரர் பாலை ஆற்றும்போது ஒரு தூக்குக்கும் ஒரு இறக்கத்துக்கும் நடுவில் அது மெல்லிய செந்நிறப் புகையாக நுரையில் கலந்தது. முதல் நாள் துப்பினவர்கள் மூன்றாம் நாள் குடித்தார்கள். ஒரு வாரத்தில், "இன்னைக்குச் சுவர் கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்று, வெயிலைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசுவதுபோலப் பேசிக்கொண்டார்கள்.

பள்ளிக்கூடத்து ஃப்ளோரா டீச்சர் டீக்கடை வாசலில் நின்று கையை வீசிக் காற்றைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "கல்லா இருக்கும்போது துகள் எல்லாம் ஒண்ணை ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கும். நின்ன இடத்துல நடுங்குமே தவிர நகராது. இடையில எறும்பு நுழையக்கூட இடம் இருக்காது. வாயுவா ஆயிட்டா ஒண்ணுக்கும் ஒண்ணுக்கும் நடுவுல எக்கச்சக்கமான வெற்றிடம், அது பாட்டுக்கு அலையும், கிடைச்ச இடத்தையெல்லாம் நிரப்பும். ஆனா பாருங்க, ஒரு துகளும் குறையல. சுவர்ல எத்தனை இருந்துச்சோ அத்தனையும் இங்கதான் இருக்கு. இடைவெளிதான் கூடியிருக்கு."

பெஞ்சில் இருமிக்கொண்டிருந்த வண்டிமலை தலையைத் தூக்கினார். செல்லக்கிளியின் மாமனார். ஆயுசு முழுக்கச் செங்கல் சூளையில் வேலை பார்த்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர். சுவர் காற்றான நாள் முதல் தோள்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, "அதை என் ஒடம்புக்குள்ள விடமாட்டேன்" என்று பிடிவாதமாக அலைந்தவர்.

"புதுசாச் சொல்லுதீங்களே டீச்சர்" என்றார். "நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது இங்க ஏது சுவர்? வெறும் பாதைதான். ஆனா அந்தப் பாதையில எங்க பிணம் போனதுண்டா? எங்காளு செருப்புப் போட்டு நடந்ததுண்டா? அப்ப அது காத்தாத்தான் இருந்துச்சு. எங்காளுவ தைரியமா நடக்க ஆரம்பிச்ச பிறகுதான் அதைக் கெட்டியாக்குனாவ. இப்பத் திரும்பக் காத்தா ஆயிருக்கு. அவ்வளவுதான் சங்கதி."

டீக்கடைக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

வண்டிமலை சொன்னது எவ்வளவு சரி என்பதைச் செல்லக்கிளி தன் கண்ணால் பார்த்தாள். பாதை திறந்து கிடந்தது, ஆனால் காலனி ஆட்கள் பழைய கோடு வந்ததும் நின்றார்கள். நின்று, ஒரு தரம் மேலேயும் கீழேயும் பார்த்து, இடதுபக்கம் திரும்பி வாய்க்கால் கரையோடு போனார்கள். முள் கிழித்தது, கிழித்தாலும் போனார்கள். அவளுக்கு நகர்க்காரர்கள்மேல் வந்த கோபத்தைவிட இவர்கள்மேல் அதிகம் வந்தது.

"ஏ சித்தி, அங்க ஒண்ணும் இல்லையே, என்னத்துக்குச் சுத்துத?"

"கால் அப்படிப் பழகிட்டு, தாயி. எதுக்கு வம்பு?"

மறுநாள் அவள் ஆட்டோவை நேர்பாதையில் காலனிக்குள் கொண்டுவந்தாள். காலனி தோன்றிய நாளிலிருந்து உள்ளே வந்த முதல் வண்டி அதுதான். ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்தாள். வேலைக்குப் போகிற பெண்களை வீடு வீடாகப் போய்க் கையைப் பிடித்து இழுத்து ஏற்றிக்கொண்டு நேர்பாதையில் திரும்பினாள். பழைய கோட்டைத் தாண்டும்போது உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்கள். தாண்டிய பிறகும் மெயின் ரோடு வரைக்கும் ஒருவரும் திறக்கவில்லை.

செல்வவிநாயகர் நகரில் நலச்சங்கத் தலைவராக இருந்தவர் ஆவுடைநாயகம். அவர் ஹாரன் சத்தத்தை மாடியிலிருந்து கேட்டார். அன்றைக்கே சங்கத்தைக் கூட்டி, சுவர் திருட்டுப் போய்விட்டது என்று போலீசில் புகார் கொடுத்தார். புகாரை யாரும் சிரித்துக்கொண்டு வாங்கவில்லை. மரியாதையாக நாற்காலி போட்டு உட்கார வைத்து வாங்கினார்கள். பேச்சிமுத்து செத்தபோது செல்லக்கிளி கொண்டுபோன புகாரை வாங்குவதற்கு அந்த ஸ்டேஷனில் கை ஒழியவில்லை.

போலீஸ் வந்தது. காலனியில் வீடு வீடாக நுழைந்தது. குடத்தைத் திறந்தார்கள், அதில் சுவர் இருந்தது. டிரங்குப் பெட்டியைத் திறந்தார்கள், அதிலும் இருந்தது. தொட்டிலில் தூங்கிய பிள்ளையைத் தூக்கித் தூளியை உதறினார்கள், அதிலிருந்தும் செம்மையாகக் கிளம்பியது. குடங்களின் வாயைத் துணியால் கட்டி, மேலே அரக்கு வைத்து, திருட்டுச் சொத்து என்று ஜீப்பில் ஏற்றினார்கள். தண்ணீர் பிடிக்கக் குடம் இல்லாமல் பெண்கள் வாசலில் நின்றார்கள். வண்டிமலை இருமினார். இருமலோடு செந்நிறமாகப் புகை வந்தது. "நெஞ்சுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கான்" என்று ஒரு போலீஸ்காரர் அவர் கையைப் பிடித்தார்.

ஆட்டோவை நிறுத்திவிட்டு ஓடிவந்த செல்லக்கிளி இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்றாள். "சார், அந்தக் காத்து நகர்லயும்தான் இருக்கு. அங்க ஒரு வீட்டையாவது தொறந்து பாத்தீங்களா?"

"அவங்கதான்மா புகார் குடுத்தவங்க. அவங்க வீட்டை எதுக்குப் பாக்கணும்?"

"அப்ப நீங்க?"

"நான் என்ன?"

"மூச்சு விடுதீங்கள்லா? ஒங்க மூக்குலயும் வருது பாருங்க, செகப்பா. ஒங்களையும் பிடிச்சு ஜீப்புல ஏத்துங்க சார். எல்லாரும் சேந்தே போவோம்."

இன்ஸ்பெக்டர் தன்னையறியாமல் மூச்சை அடக்கினார். ரொம்ப நேரம் அடக்க முடியவில்லை. விட்டபோது அது செந்நிறமாகத்தான் வந்தது. அதைப் பார்த்துக் காலனிப் பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகவே வண்டிமலையை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்ச் சாயங்காலம் வரைக்கும் தரையில் உட்கார வைத்தார்கள். அவர் அங்கே இருமிய இருமலில் லாக்கப் சுவர்களே காவியேறிவிட்டதாகச் சொன்னார்கள். பொறுக்கமுடியாமல்தான் விட்டார்கள்.

பிறகு தாசில்தார் சமாதானக் கூட்டம் போட்டார். சமுதாயக்கூடத்தின் மேடையில் ஒரு இயந்திரம் கொண்டுவந்து வைக்கப்பட்டிருந்தது. பெரிய இரும்புத் தொட்டி, அதிலிருந்து நீளமான ரப்பர்க் குழாய். வாயுவில் இடைவெளி அதிகம், ஆகவே அழுத்தினால் நெருங்கும், மேலும் அழுத்திக் குளிரவைத்தால் பழையபடி கெட்டியாகும் என்று ஒரு என்ஜினியர் விளக்கினார். காலனிக்காரர்கள் வரிசையாக வந்து குழாயில் ஊதிவிட்டுப் போக வேண்டியது, சுவர் செங்கல் செங்கல்லாக மறுபக்கம் வந்துவிடும், அதைப் பழைய இடத்தில் கட்டிவிட்டால் ஊரில் அமைதி திரும்பிவிடும் என்றார் தாசில்தார். அவர் முகத்தில் நல்லது செய்கிற களை இருந்தது.

காலனிப் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஊதிட்டுப் போயிருவோம். தலைவலி தீந்துச்சு" என்று ஒருவர் முணுமுணுத்தார். செல்லக்கிளி எழுந்தாள்.

"சார், சமாதானம்னா ரெண்டு பக்கமும் சேந்து பண்ணுறதுதானே? நாங்க மட்டும் ஊதுனா?"

தாசில்தார் என்ஜினியரைப் பார்த்தார். நாற்காலி வரிசையின் ஓரத்திலிருந்து ஃப்ளோரா டீச்சர் மெதுவாகச் சொன்னார். "அவ கேக்கது சரிதான். பாதித் துகள் நகர்க்காரங்க நெஞ்சுலதான் இருக்கு. அவங்களும் ஊதலைன்னா சுவர் இடுப்பளவுதான் வரும்."

"இடுப்பளவுச் சுவர் எதுக்கு ஆகும்?" என்று நாற்காலிப் பக்கம் சலசலப்பு எழுந்தது. "சரி, ஊதிட்டாப் போச்சு, நமக்கென்ன" என்றார் ஆவுடைநாயகம்.

அவர் எழுவதற்குள் செல்லக்கிளி மேடையில் ஏறிவிட்டாள். குழாயை எடுத்தாள். கன்னம் புடைக்க, கண் பிதுங்க, ஒரே மூச்சில் ஊதினாள். குழாய் வாயைப் புறங்கையால்கூடத் துடைக்காமல் அவர் முன்னால் நீட்டினாள்.

"இந்தாங்க அண்ணாச்சி. இப்ப நீங்க ஊதுங்க."

இயந்திரம் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. அவள் அதுவரை அவரை ஐயா என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். ஆவுடைநாயகம் குழாயின் வாயில் மினுங்கிய ஈரத்தைப் பார்த்தார். கை அவர் மடியை விட்டு எழும்பவில்லை. வேறு குழாய் கொண்டுவரச் சொன்னார். குழாய் வேறானாலும் தொட்டி ஒன்றுதானே, உள்ளே மூச்சோடு மூச்சு கலந்துவிடுமே என்று பின்னாலிருந்து ஒருவர் எடுத்துக் கொடுத்தார். அப்படியானால் வேறு தொட்டி வேண்டும் என்றார்கள். ரெண்டு தொட்டி வைத்தால் ரெண்டு அரைச்சுவர்தான் வரும், கலக்காமல் ஒரே சுவர் வராது என்று என்ஜினியர் கையை விரித்தார். சுவருக்காக உயிரையே கொடுப்போம் என்று அதுவரை பேசியவர்கள், ஒரு வாய் மூச்சைக் கொடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் தேதி குறிப்பிடாமல் கலைந்தது. இயந்திரத்தைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு நகரில் ஜன்னல்களை அடைத்தார்கள். காற்றைச் சலித்து அனுப்பும் பெட்டிகளை வாங்கிச் சுவரில் மாட்டினார்கள். பெட்டி வெளியே தள்ளிய காற்று எங்கே போகும்? காலனிக்குத்தான் வந்தது. கல்நார்க் கூரைக்கும் சுவருக்கும் நடுவில் கை நுழையும் இடைவெளி உள்ள வீடுகளுக்குள் அது நன்றாகவே வந்தது. எல்லாருடைய காற்றிலும் பாதிப் பாதியாக இருந்த சுவர், கொஞ்சம் கொஞ்சமாக முக்கால் பங்கு காலனிக்காரர்களின் நெஞ்சுக்கு வந்து சேர்ந்தது. சூளைத்தூசி தின்றது போக மிச்சமிருந்த வண்டிமலையின் நுரையீரலில் அது உட்கார இடம் தேடியது. தோள்துண்டு அதை என்ன செய்யும்? அவருக்குள் அது துகளோடு துகள் நெருங்கிக் கெட்டியானது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், நெஞ்சுக்குள் வரிசையாகச் செங்கல் தெரிகிறது, பூச்சுகூட நன்றாக இருக்கிறது என்றார். நாலாம் நாள் மத்தியானம், செல்லக்கிளி கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றது.

மறுநாள் காலை எடுக்கும் நேரம் வந்தபோது காலனிப் பெரியவர்கள் வழக்கம்போல வாய்க்கால் கரைப் பக்கம் ஆள் அனுப்பி முள்ளை வெட்டச் சொன்னார்கள். செல்லக்கிளி தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு வெளியே வந்தாள்.

"முள்ளை வெட்ட வேண்டாம். நேர்பாதையில போறோம்."

"செல்லக்கிளி, பொணத்தை வச்சுக்கிட்டு வம்பு பண்ணக்கூடாது."

"நான் என்ன வம்பு பண்ணுதேன்? அந்தச் சுவரை அவரு நெஞ்சுக்குள்ள வச்சுத்தான் கொண்டு போறோம். வெளியில ஒண்ணும் இல்ல. யாருக்குப் பயப்படுதீங்க?"

"கொள்ளிச்சட்டி யாரு எடுக்கது? மகன் இல்ல."

"மகன் ஏன் இல்லன்னு ஒங்களுக்குத் தெரியாதா? நான்தான் எடுப்பேன்."

பொம்பிளை கொள்ளி எடுக்கிறதா என்று ஒருவர் ஆரம்பித்தார். அவளுடைய முகத்தைப் பார்த்து, ஆரம்பித்த இடத்திலேயே நிறுத்திக்கொண்டார். அவள் சட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். பாடை பின்னால் வந்தது. அதற்குப் பின்னால், முதலில் தயங்கி நின்றவர்கள், ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள்.

சேதி அதற்குள் போய்விட்டிருந்தது. பழைய கோட்டில் நகர்க்காரர்கள் நின்றார்கள். பாதையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும், தோளோடு தோள், முழங்கையோடு முழங்கை பின்னி, ஒரு விரல் நுழைய இடமில்லாமல் நின்றார்கள். நடுவில் ஆவுடைநாயகம். செல்லக்கிளி கையெட்டும் தூரத்தில் நின்றாள். "எறக்குங்க" என்றாள். பாடையை இறக்கினார்கள். "உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தார்கள்.

வெயில் ஏறியது. அப்போது காற்றில் ஓர் அசைவு தெரிந்தது. ஊரெல்லாம் பரவிக் கிடந்த செம்மை, அண்டாவிலிருந்தும் சொம்பிலிருந்தும் கோயில் மண்டபத்திலிருந்தும் காலனி வீடுகளின் கூரையிலிருந்தும் கிளம்பி, மெதுவாக அந்தக் கோட்டை நோக்கித் திரும்பி வரத் தொடங்கியது. இவ்வளவு நாள் ஒண்டிக்கொள்ள இடமில்லாமல் அலைந்ததற்கு, இப்போது நெருக்கமாக நிற்கிற ஒரு வரிசை கிடைத்துவிட்டது. அது அவர்களின் பாதத்தில் படிந்தது. கணுக்காலுக்கு ஏறியது. துகள்கள் ஒன்றை ஒன்று தேடிப் பிடித்துக்கொள்ளும் சத்தம், அரிசி களைவதுபோல, சன்னமாகக் கேட்டது.

"சுவர் திரும்பி வருதுல!" என்று நின்றவர்கள் ஆரவாரம் செய்தார்கள். ஒருவர் விசிலடித்தார்.

முழங்கால் வரைக்கும் அந்த ஆரவாரம் இருந்தது. அதற்குப் பிறகுதான் காலை மாற்றி வைக்க முடியாது என்பது அவர்களுக்குப் புரிந்தது. செங்கல் அவர்களுக்கு முன்னாலும் பின்னாலும் எழும்பவில்லை. அவர்களையே செங்கல்லாக வைத்துத்தான் எழும்பியது. தொடைக்கு ஏறியதும், வேட்டி விறைத்துப் பலகையானதும், ஓரத்தில் நின்ற இன்சூரன்ஸ் ஏஜெண்ட், "அண்ணாச்சி, கொஞ்ச நேரத்துக்கா, இல்ல எப்பவுமேவா?" என்று கேட்டார். ஏஜெண்டின் பெண்டாட்டி வாசலிலிருந்து, "ஏங்க, அங்க என்ன கல்லாச் சமைஞ்சு நிக்கிய? பிள்ளையக் கூப்பிட யாரு போறது?" என்று சத்தம் போட்டாள். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒருவருக்கு மூக்கு அரித்தது, சொரியக் கை இல்லை. ஒருவருக்குச் சிறுநீர் முட்டியது. ஒருவருக்கு மாத்திரை போடும் நேரம். நின்ற இடத்தில் நின்றபடியே அவர்கள் நடுங்க ஆரம்பித்தார்கள். முதலில் கண்ணுக்குத் தெரியாத நடுக்கம், பிறகு பார்க்கத் தெரிந்த நடுக்கம், பிறகு பக்கத்து ஆளை இடிக்கிற நடுக்கம். செல்லக்கிளி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அத்தனை பேரையும் அவளுக்குத் தெரியும். அத்தனை பேருடைய வீட்டுக்காரியையோ தாயையோ அவசரத்துக்கு ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்த்தது அவள் வண்டி. அவர்களில் ஒருவரைக்கூட அவள் ஒரு சுவரைச் சுற்றிக் கொண்டுபோனதில்லை.

இன்சூரன்ஸ் ஏஜெண்ட் தன் கையைப் பிடுங்கினார். பிடுங்கின வேகத்தில் தோளில் படிந்த செங்கல் உடைந்து உதிர்ந்தது. ஒரு கை நுழைகிற இடைவெளி. அடுத்தவர் அதில் மூச்சு விட்டார், அசைந்தார், அவரும் விலகினார். அதற்கப்புறம் தடுக்க முடியவில்லை. ஒட்டியிருந்தவர்கள் ஒருவரை விட்டு ஒருவர் விலகி, காலை உதறிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் ஆளுக்கொரு சந்தில் போனார்கள். நல்ல மனசு வந்து போகவில்லை. மனம் திருந்தியும் போகவில்லை. கல்லாக நிற்க அவர்களால் முடியவில்லை, அதனால் போனார்கள். அந்த ஊரில் பிற்பாடு சிலர் வேறுவிதமாகச் சொன்னார்கள், நகர்க்காரர்கள் பெருந்தன்மையாக வழிவிட்டார்கள் என்று. அது பொய்.

கடைசியில் ஆவுடைநாயகம் ஒருவர் மட்டும் நடுப்பாதையில், இடுப்பு வரைக்கும் செங்கல்லாக, நகர முடியாமல் நின்றார். செல்லக்கிளி சட்டியை எடுத்தாள். பாடை எழும்பியது. கூட்டம் அவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பிரிந்து நடந்தது. அவர் தொண்டையைக் கனைத்தார். சங்கக் கூட்டத்தில் பேசுகிற அதே குரலில், எல்லாருக்கும் கேட்கும்படி, "சரி, சரி. இன்னைக்கு ஒரு நாள் போங்க" என்றார்.

செல்லக்கிளி நின்றாள். அவளுக்குப் பின்னால் பாடை நின்றது, ஊர் நின்றது.

"யாரு எங்களைப் போகச் சொல்லது? நீங்களா?" என்றாள். "பாதை எங்களுது. ஒங்களுதும்தான். நீங்க சொல்லி நாங்க போகல. போறோம், நீங்க நின்னு பாக்கீங்க, அவ்வளவுதான். நாளைக்கும் வருவோம். கல்யாணத்துக்கு வருவோம், கடைக்கு வருவோம், சும்மா காத்து வாங்கவும் வருவோம். அப்பவும் இங்கயேதான் நிப்பேன்னா நில்லுங்க, சுத்திப் போயிக்கிடுதோம். எங்களுக்குச் சுத்திப் போகத் தெரியும்."

பாடை மறுபடியும் நகர்ந்தது.

நேர்பாதை மெயின் ரோட்டில் ஏறி, ரோட்டைக் கடந்து, ஒரு சரிவில் இறங்கியது. அங்கேயே சுடுகாடு. காலனியில் யாருமே அந்த வழியாகச் சுடுகாட்டுக்கு வந்ததில்லை. முள்ளிலும் சகதியிலும் தோள் மாற்றித் தோள் மாற்றி, கலுங்கைச் சுற்றி, பொழுது சாயும்போது வந்து சேர்வதுதான் அவர்களுக்குத் தெரிந்த தூரம். பாடையைத் தூக்கியவர்கள் இன்னும் தோள்கூட மாற்றியிருக்கவில்லை. முன்னால் அனுப்பிய ஆட்கள் அப்போதுதான் வண்டியிலிருந்து விறகை இறக்கிக்கொண்டிருந்தார்கள். இவர்களைப் பார்த்துத் திகைத்து, "என்ன, அதுக்குள்ள வந்துட்டீங்க?" என்றார்கள்.

"இவ்வளவு பக்கமா?" என்று யாரோ ஒரு பெண் கேட்டாள். அப்பன் சுமந்தது, தாத்தன் சுமந்தது, மழையில் வழுக்கிப் பிணத்தோடு விழுந்தது எல்லாம் அவரவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். செல்லக்கிளி சட்டியைக் கீழே வைத்துவிட்டு, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். அங்கிருந்தே காலனியின் முதல் வீட்டுக் கூரை தெரிந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

விறகு அடுக்கி முடியும்வரை எல்லாரும் வெயிலில் காத்திருந்தார்கள்.